தர்மபுரித் தேனீக்கள்: இதெல்லாம் தெரியுமா?

பாலக்கோடு சந்தையில் வந்து இறங்குகிறதே தக்காளி, அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் இருக்கிறது, தெரியுமா? தக்காளிப் பூவை ஒருமுறை கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சள் கூம்பாக நிற்கும். மகரந்தம் அதற்குள்ளே அடைபட்டுக் கிடக்கும். கூம்பின் நுனி வழியாகத்தான் வெளியே கொட்ட வேண்டும். காற்று அசைத்தால் கொஞ்சம் கொட்டும், அதிலேயே காயும் பிடிக்கும். ஆனால் நன்றாகக் கொட்ட வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு ஆள் வர வேண்டும். கருவண்டு என்று ஊரில் சொல்கிறோமே, மூங்கிலிலும் காய்ந்த மரத்திலும் துளை போட்டுக் குடியிருக்குமே, அதுதான் அந்த ஆள். பெயர்தான் வண்டு, பிறப்பால் அதுவும் தேனீக் குடும்பம்! பூவைக் கால்களால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இறக்கையை மடக்கி வைத்துக்கொண்டு, பறக்கப் பயன்படும் தசையை மட்டும் விறுவிறுவென்று அதிரவிடும். பறக்கும்போது வரும் சத்தம் வேறு, இந்தச் சத்தம் வேறு. காது கொடுத்தால் தெளிவாகவே தெரியும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று வயிற்றில் கொட்டும். மண்சுவரிலும் வரப்பிலும் பொந்து போட்டு வாழும் நீலப்பட்டைத் தேனீயும் இதே வித்தையைச் செய்யும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு மட்டும் இது வராது!

கத்தரிப் பூவும் அப்படித்தான். தர்மபுரிக் காட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையும் அப்படித்தான். ஆவாரம்பூவில் தேனே கிடையாது, தெரியுமா? மகரந்தம் மட்டும்தான், அதுவும் அதிரவைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்! ஐரோப்பாவில் கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்ப்பவர்கள், இந்த அதிரும் வேலைக்காகவே 1980களின் இறுதியிலிருந்து பம்பிள் தேனீக் கூடுகளைக் காசு கொடுத்து வாங்கி வைக்கிறார்கள். பாலக்கோட்டில் அந்த வேலை இன்றுவரை இலவசம். காய்ந்துபோன முருங்கைக் கிளையையும் பழைய பந்தல் மூங்கிலையும் ஓரமாக விட்டுவைத்தால் போதும், கருவண்டுக்கு அதுவே வீடு.

இது ஒரே ஒரு பூச்சியின் கதை. உலகத்தில் தேனீ வகைகள் மொத்தம் எத்தனை தெரியுமா? 20,000க்கும் மேல்! அதில் பெரும்பாலானவை தேன் சேர்த்து வைப்பதே இல்லை, கூட்டமாக வாழ்வதும் இல்லை. நமக்குத் தேன் தருகிறவை கைவிரல் கணக்குத்தான், அதில் நான்கு தர்மபுரி மண்ணுக்கே சொந்தமானவை.

நான்கு சொந்தங்களும் ஒரு விருந்தாளியும்

முதலில் மலைத்தேனீ. ஒகேனக்கல், பெண்ணாகரம் காட்டுப் பக்கம் உயரமான மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் ஒற்றை அடையாகப் பெரிதாகத் தொங்குமே, அது. ஒரு கூட்டிலிருந்து ஆண்டுக்கு 36 கிலோ வரை தேன் கிடைக்கும் என்பது வேளாண் துறையின் கணக்கு. இந்தப் பெரிய கூட்டத்துக்குக் கூரையும் கிடையாது, சுவரும் கிடையாது. தேனீக்களே அடுக்கடுக்காக அடையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். கதண்டு பக்கத்தில் வந்துவிட்டால் என்ன செய்யும் தெரியுமா? கிரிக்கெட் மைதானத்தில் ரசிகர்கள் வரிசையாக எழுந்து உட்கார்ந்து அலை விடுவார்களே, அதே மாதிரி ஆயிரக்கணக்கான தேனீக்கள் அடுத்தடுத்து வயிற்றைத் தூக்கிக் காட்டும்! ஒரு நொடிக்குள் பளபளவென்று ஒரு அலை அடை முழுக்க ஓடும். கதண்டு மிரண்டு விலகும்.

நிலா வெளிச்சத்தில் பூத்தேடிப் போகும் தேனீ உண்டா? உண்டு, இதே மலைத்தேனீதான்! பாதி நிலாவுக்கு மேல் வெளிச்சம் இருந்தால் ராத்திரியிலும் வேலைக்குக் கிளம்பிவிடும்.

இன்னும் கேளுங்கள். மலைத்தேனீ ஊர்விட்டு ஊர் போகும். ஒரு இடத்தில் பூ ஓய்ந்ததும் கூட்டமே கிளம்பி நூறு கிலோமீட்டருக்கும் மேல் போகும். மறுபடி பூக்காலம் வந்ததும் திரும்பி வரும், பல சமயம் அதே மரத்துக்கு! வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான். கிளம்பிப் போனவற்றில் ஒன்றுகூட உயிரோடு திரும்பாது. திரும்புகிற கூட்டத்தில் பழைய ஆள் என்றால் ராணி மட்டும்தான். பிறகு எப்படி வழி தெரிகிறது? அறிவியல் இன்னும் அதற்கு முழு விடை கண்டுபிடிக்கவில்லை. மரபணுவைச் சோதித்துப் பார்த்து, அதே குடும்பம்தான் அதே மரத்துக்கு வருகிறது என்று மட்டும் உறுதி செய்திருக்கிறார்கள்.

அடுத்தது கொம்புத்தேனீ. வேலிப் புதரில், எலுமிச்சைக் கிளையில், உள்ளங்கை அகல ஒற்றை அடை. தேன் அரைக் கிலோ தேறினால் பெரிது. ஆனால் அதன் மூளையைப் பாருங்கள்! எறும்பு ஏறி வராமலிருக்க, அடை தொங்கும் கிளையின் இரண்டு பக்கமும் மரப்பிசினைக் கொண்டுவந்து வளையமாகப் பூசிவிடும். எறும்பு அதில் கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிசின் காயக் காயப் புதிதாகப் பூசிக்கொண்டே இருக்கும்!

மூன்றாவது அடுக்குத் தேனீ, இந்தியத் தேனீ என்று புத்தகத்தில் போடுவார்கள். மரப்பொந்திலும் கிணற்றுச் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும். பெட்டியில் வளர்க்கக் கூடிய நம்மூர்த் தேனீ இதுதான். பெட்டிக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ தேன். இதன் வீரத்தைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். கூட்டைத் தாக்க வந்த கதண்டை நூற்றுக்கணக்கான தேனீக்கள் பந்தாகச் சூழ்ந்துகொண்டு, உடம்புத் தசையை அதிரவிட்டுச் சூடேற்றும். பந்தின் நடுவில் வெப்பம் 45, 46 டிகிரிக்குப் போய்விடும். அந்தச் சூட்டைக் கதண்டு தாங்காது, தேனீ தாங்கும். கொடுக்கால் கொட்டாமலே கதண்டைச் சூட்டில் அவித்துக் கொன்றுவிடுகிறது!

இன்னொன்று. உலகத்துத் தேனீப் பண்ணைகளையே ஆட்டிவைக்கும் வரோவா என்ற உண்ணி, முதலில் நம் ஆசியாவின் இந்த அடுக்குத் தேனீயின் உடம்பில்தான் இருந்தது, தெரியுமா? ஒன்றுக்கொன்று உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு, அந்த உண்ணியோடு சமாளித்து வாழக் கற்றுக்கொண்ட தேனீ இது. அந்த உண்ணி மேற்கத்தியத் தேனீக்குத் தாவியது. அதற்கு இந்தத் தற்காப்பு அவ்வளவாகத் தெரியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெட்டி பெட்டியாகக் காலி!

நான்காவது கொசுத்தேனீ. பழைய ஓட்டு வீட்டுச் சுவரில், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில், விரல் நுழையாத சந்தில் இருக்கும். ஒரு நிமிஷம் குனிந்து அதன் வாசலைப் பாருங்கள். மெழுகும் பிசினும் கலந்து, கறுப்பாக ஒரு குழாய் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். குழாயின் விளிம்பைச் சுற்றி அரிசியில் பாதிகூட இல்லாத காவல்காரர்கள், தலையை வெளியே நீட்டி. விரலை நீட்டினால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்வார்கள், எடுத்தால் மறுபடி வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள். காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு ஒன்று வந்து இறங்கினால் வழி விடுவார்கள். கொடுக்கு கிடையாது, ரொம்பக் கோபம் வந்தால் முடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். தேனைச் சின்னச் சின்ன மெழுகுக் குடுவைகளில் சேமிக்கும், கொஞ்சம் புளிப்பாக இருக்கும். ஆண்டுக்கு நூறு கிராம்! மாம்பூ போன்ற சின்னப் பூக்களுக்கு இந்தச் சின்ன உடம்பு எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

விருந்தாளி இத்தாலியத் தேனீ. 1960களில் வட இந்தியாவில் நிலைபெற்று, பிறகு எல்லா இடத்துக்கும் பரவியது. தேன் நிறையத் தரும், பராமரிப்பும் நிறையக் கேட்கும்.

ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு உலகம்

தேனீ நடனமாடித் திசை சொல்லும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதைக் கண்டுபிடித்துச் சொன்ன கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு. ஆனால் தேனீக்களின் நடனத்தில் வட்டார வழக்கு உண்டு என்பது தெரியுமா? நமக்குப் பக்கத்துப் பெங்களூரில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத் தேனீ மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துச் சோதித்து, 2020இல் வெளியிட்டார்கள். ஒரே தூரத்தைச் சொல்ல மூன்றும் வெவ்வேறு நேரம் ஆடுகின்றன! தொலைதூரம் போகும் மலைத்தேனீ சுருக்கமாக ஆடுகிறது. பக்கத்திலேயே இரை தேடும் அடுக்குத் தேனீ, கொஞ்சத் தூரத்தைக்கூட விரிவாக ஆடிச் சொல்கிறது.

இதில் ஒரு விஷயம் மனதைப் பிசைகிறது. அடுக்குத் தேனீயின் உலகம் பெரும்பாலும் கூட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம்தான். அந்த வட்டத்துக்குள் என்ன பூக்கிறதோ அதுதான் சாப்பாடு, என்ன தெளிக்கப்படுகிறதோ அதுதான் விதி.

முன்பெல்லாம் அந்த வட்டத்துக்குள் மார்ச் மாதம் வேம்பு பூக்கும், அடுத்துப் புங்கன், அதற்கப்புறம் புளி. வரப்பில் தும்பையும் துளசியும், மானாவாரிக் காட்டில் எள்ளும் பேயெள்ளும். பேயெள்ளு ஒரு அதிசயப் பயிர். தன் மகரந்தம் தனக்கே ஆகாது. பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால்தான் மணி பிடிக்கும். பழைய தர்மபுரி மாவட்டத்தில் இருந்த பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1 என்று அதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. இப்போது எத்தனை வரப்பில் பேயெள்ளைப் பார்க்கிறோம்? சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுவது ஓரத்துப் புளியமரம். ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டால் கொசுத்தேனீக்கு இடம் இல்லை. களைக்கொல்லி அடித்த வரப்பில் தும்பை இல்லை. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் எல்லாம் சேர்ந்து நடக்கிறது.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது மண்ணுக்கு ஆகாது, வெட்ட வேண்டியதுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வறட்சிக் காலத்தில் வேறெதுவும் பூக்காதபோது தேனீக்கள் அதில்தான் மொய்க்கின்றன. வெட்டுகிற கையோடு புங்கனும் நாவலும் நட்டால்தான் அது முழு வேலை.

இருக்கிற மரத்தில் மாமரம்தான் இந்த வட்டாரத்துக்கு எல்லாம். காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மார்கழி தையில் மாந்தோப்புக்குள் நுழைந்தால் வாசமே ஆளைத் தூக்கும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் பூ! காயாகி நிற்பது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக் கூடிய பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவது ஈக்களும் கொசுத்தேனீயும் மற்றத் தேனீக்களும்தான். சரியாக அதே நேரத்தில்தான் தத்துப்பூச்சியும் வரும். பூ கருகிவிடுமே என்ற பயத்தில் மருந்தடிப்பார்கள். பயம் நியாயமானதுதான், ஒரு வருஷ வருமானம் அந்தப் பூவில்தான் தொங்குகிறது. ஆனால் பூ முழுக்க விரிந்திருக்கும்போது, காலை வெயிலில், தேனீயும் ஈயும் பூ மேல் இருக்கும் நேரத்தில் தெளித்தால், காய் பிடிக்க வைக்கும் கூட்டத்தையே சேர்த்து அழிக்கிறோம்! தத்துப்பூச்சிக்குப் பரவலாக அடிக்கப்படும் இமிடாகுளோபிரிட் நரம்பைத் தாக்கும் நியோனிகோட்டினாய்டு வகை. 2012இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் குட்டி மின்னணுப் பட்டை ஒட்டி, இதே வகையைச் சேர்ந்த தயாமீத்தாக்ஸாமைச் சாகாத அளவுக்குக் கொடுத்துப் பறக்கவிட்டார்கள். பல தேனீக்கள் வீட்டுக்கு வழி தெரியாமல் தொலைந்துபோயின! செத்துக் கிடந்தால் நம் கண்ணுக்குத் தெரியும். திரும்பி வராமல் போனால் யாருக்குத் தெரியும்? கூடு மட்டும் மெல்ல மெல்ல இளைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த வகை மருந்துகளில் மூன்றைத் திறந்தவெளி வயலில் அடிக்கத் தடை போட்டது. இமிடாகுளோபிரிடும் தயாமீத்தாக்ஸாமும் அந்த மூன்றில் அடக்கம்.

நோய் ஒரு பக்கம். 1991, 92இல் கேரளத்தில் தலைகாட்டி தமிழ்நாட்டுக்கும் பரவிய தாய் சாக்புரூட் வைரஸ், புழுக்களைத் தோல் மூடிய தண்ணீர்ப் பையாக்கிக் கொன்றது. தென்னிந்தியாவில் பெட்டியில் இருந்த அடுக்குத் தேனீக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போயிற்று. 1920களிலிருந்து தேனீ வளர்ப்பில் பேர் வாங்கிய மார்த்தாண்டத்தில் காலிப் பெட்டிகளாக நின்றன. தப்பிப் பிழைத்த சில கூட்டங்களிலிருந்துதான் இன்று இருப்பவை பெருகி வந்திருக்கின்றன.

டீக்கடை பேப்பர் கப் எத்தனை தேனீயைக் கொல்லும் தெரியுமா? தமிழ்நாட்டில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள்! குடித்துவிட்டுப் போட்ட கப்பின் அடியில் இருக்கும் சர்க்கரைக்காகத் தேனீக்கள் இறங்கி, வழுக்கி, ஏற முடியாமல் சாகின்றன. ஐந்து இடங்களில் 30 நாள் எண்ணியதில் 25,211 தேனீக்கள்! 2011இல் கரண்ட் சயின்ஸ் ஆய்விதழில் வந்த கணக்கு இது. பூவில்லாத ஊரில் தேனீ கப்பைத் தேடி வருகிறது என்பதுதான் இதில் எனக்கு ரொம்ப வலிப்பது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தடை இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் டீ கேட்டு வாங்கிக் குடிப்பதுகூடத் தேனீக்குச் செய்யும் உபகாரம்தான். குப்பைக் கூடையை மூடி வைத்தாலும் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்ணீர்த் தொட்டியில் மலைத்தேனீ அடை கட்டிவிட்டால் ஊரே பதறுகிறது. ராத்திரி தீப்பந்தம் வைத்துக் கொளுத்திவிடுகிறார்கள். ஒரு கூட்டில் ஆயிரமாயிரம் உயிர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் ஆபத்து என்றால் விவரம் தெரிந்தவர்களை அழைத்து அப்புறப்படுத்த வேண்டியதுதான். மற்ற இடங்களில் கல்லெறியாமல், புகை போடாமல் விட்டால், பூக்காலம் முடிந்ததும் தானே கிளம்பிவிடும். ஒரு தேனீ கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம் மாதிரி ஒன்று வரும், தெரியுமா? அதுதான் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அபாயச் சங்கு. அந்த வாசம் வந்தால் அங்கே நின்று கையை வீசக் கூடாது, உடனே தூரப் போய்விட வேண்டும். கொடுக்கைச் சட்டென்று வழித்து எடுத்துவிட வேண்டும்.

பட்டுப்புழு சொல்லிக்கொடுத்த பாடம்

இனி, தர்மபுரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு பெருமை. பூச்சியை மருந்திலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று நாட்டுக்கே பாடம் எடுக்கக் கூடியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்! யார்? பட்டுப்புழு வளர்ப்பவர்கள்தான். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் எந்த விவசாயியையும் கேட்டுப் பாருங்கள். மல்பெரிக்கு மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் இலை பறிக்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வார். பக்கத்துக் காட்டில் மருந்தடித்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். மருந்து தொட்ட கையோடு புழு மனைக்குள் யாரையும் விடமாட்டார். புழுவும் ஒரு பூச்சி, தேனீயும் ஒரு பூச்சி. அதே ஊரில், அதே வரப்பில், அதே கைகள் அந்தக் கவனத்தில் பாதியைத் தேனீக்குக் காட்டினால் போதும் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது.

என்ன செய்யலாம்? மாம்பூங்கொத்து தலைகாட்டும்போது, பூ விரிவதற்கு முன் ஒரு தெளிப்பு. தேவைப்பட்டால் பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு அடுத்தது. பூ விரிந்து நிற்கும் நாட்களில் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. தவிர்க்கவே முடியாது என்றால் பொழுது சாய்ந்த பிறகு, தேனீ கூடடைந்ததும் அடிப்பது. தூள் மருந்தைவிடத் திரவத் தெளிப்பு மேல். தூள் மகரந்தம் மாதிரியே தேனீயின் முடியில் ஒட்டிக் கூட்டுக்குள் போய்விடும். பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுவது. பெட்டி வைத்திருக்கும் அம்மா வரப்பிலிருந்தே குரல் கொடுக்கலாம்: "அண்ணா, மருந்து அடிக்கிறதா இருந்தா சாயங்காலமா அடிங்கண்ணா, காலையில எல்லாம் உங்க பூவுலதான் இருக்கும்." அந்த ஒரு வார்த்தையில் இரண்டு தோட்டமும் பிழைக்கும்.

பெட்டி வைக்க ஆசையா? தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக்கென்றே பெட்டி வடிவமைத்தவர் நியூட்டன் என்ற பாதிரியார். 1911 முதல் 1917 வரை கிராமத்து ஆட்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். நூறு வருஷம் தாண்டியும் அதே நியூட்டன் பெட்டிதான்! பெட்டியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. நிழல் வேண்டும். மழைக்காலத்தில் பூ இருக்காது, அப்போது சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும். பசித்தால் அடுக்குத் தேனீ குடும்பத்தோடு ஓடிப்போய்விடும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலும் பயிற்சி உண்டு.

தேன் வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்ததில், எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே மூன்று! சர்க்கரைப் பாகைத் தேன் என்று மலிவாக விற்றால், உண்மையாகப் பெட்டி வைத்தவர் எந்த விலைக்கு விற்பார்? அவர் தொழிலை விட்டால் பெட்டியும் போகும், அந்த ஒரு கிலோமீட்டர் வட்டத்தின் மகரந்தச் சேர்க்கையும் போகும்.

மலையில் தேனெடுப்பவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய. மலைத்தேனீயின் அடையில் தேன் முழுக்க மேலே, கிளையை ஒட்டிய தலைப்பகுதியில்தான் திரண்டிருக்கும். கீழே அகலமாகத் தொங்குவது குஞ்சு வளரும் இடம். தேன் தலையை மட்டும் வெட்டி, குஞ்சுப் பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் பிழைக்கும், மறுபடி தேனும் சேரும். முழு அடையையும் வெட்டி இறக்கினால் குஞ்சும் புழுவும் தேனோடு சேர்ந்து பிழியப்பட்டுவிடும். கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு நீலகிரித் தேன் வேட்டையர்களோடு சேர்ந்து இந்த நிதானமான முறையைப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. சித்தேரி, வத்தல்மலை மலையாளி மக்களுக்கும் பெண்ணாகரம் பக்கத்து இருளர்களுக்கும் காட்டுத்தேன் மீதான உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது, தெரியுமா? சிறு வனப்பொருள் பட்டியலில் தேனும் மெழுகும் இருக்கின்றன. காடு தங்களுடையது என்ற உறுதி இருப்பவர்தான் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து அடையை விட்டுவைப்பார். கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைக்கும் ஆற்று நீர்நாய்க்கும் என்று எல்லோரும் பேசினார்கள். மலைத்தேனீக்கும் அது பெரிய வரம்!

அட, தகடூரின் நெல்லிக்கனியை மறந்துவிட்டீர்களே என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் வருகிறேன். அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி என்று புறநானூறு காலத்திலிருந்து கொண்டாடுகிறோம். நெல்லி மரத்தில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, தெரியுமா? கடுகு மாதிரி சின்னப் பூக்கள். ஆண் பூ ஏராளம், பெண் பூ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு மகரந்தம் கொண்டுபோவதில் தேனீக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மன்னன் கொடுத்த கனிக்கும் முதலில் ஒரு பூச்சி உழைத்திருக்க வேண்டும்!

தேனீ இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நேரடிக் காட்சி உலகத்தில் இருக்கிறது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் என்ற ஊரில், பேரிக்காய் மரங்களில் மனிதர்கள் ஏறி, குச்சி நுனியில் இறகைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பூவாக மகரந்தம் தடவுகிறார்கள். நிறைய மருந்து தெளிக்கும் தோப்பு என்பதால் தேனீக்காரர்கள் பெட்டியைக் கொண்டுவரவே தயங்குகிறார்கள். எத்தனை கூலி, எத்தனை நாள் என்று நினைத்துப் பாருங்கள்!

உங்கள் ஊர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், வீட்டுப் பின்னால் ஒரு பூசணிக் கொடி போதும். காலை ஆறரை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண் பூவில் வெறும் காம்புதான். தேனீ பலமுறை வந்து போன பூவில் காய் திரண்டு வரும். சரியாக வராத பூவில் பிஞ்சு மஞ்சளடித்து, கட்டைவிரல் அளவிலேயே அழுகி விழும், அல்லது ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் சூம்பிக் கோணலாக வளரும். பாகலும் சுரையும் அப்படித்தான்; சுரையும் பீர்க்கனும் சாயங்காலம் பூப்பவை, அதனால் அவற்றை அந்தி நேரத்தில் போய்ப் பாருங்கள். பத்து நிமிஷம் நின்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒருவரும் வரவில்லை என்றால், அன்றைக்கு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நீங்களே தடவிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் செய்ய வேண்டும், பூசணிப் பூ மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும்.